பெண் வீட்டை விசாரிக்கப் போனேன்

ஒல்லாந்து தேசத்து நாவல்களில் விதி என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதித் தருவதாக இந்தப் பத்திரிகை ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் பக்கம் எழுதி முடிப்பதற்குள் என் தங்கை ரத்தினம் என்னை நாகர்கோவிலுக்குக் கிளப்பிவிட்டாள். அதனால் ஆசிரியருக்குக் கிடைத்திருப்பது இதுதான். ஒல்லாந்தரும் நடுநடுவே வருவார்கள், அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொழும்பில் ஒல்லாந்தர் காலத்துப் பழைய காகிதங்களை மொழிபெயர்ப்பது என் உத்தியோகம். கறுவாப்பட்டை எத்தனை மூட்டை, யானை எத்தனை, யாருக்குக் கசையடி என்பவைதான் அவற்றில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பறங்கிக் கிழவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது ஒரு பெட்டி நிறைய நாவல்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். எல்லாம் போன நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டவை. யானைக் கணக்குக்கு இவை தேவலை என்று படிக்கத் தொடங்கினேன்.

இந்த நாவல்களில் கடவுள் கிடையாது. தலையெழுத்தும் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக நரம்பு உண்டு, ரத்தம் உண்டு, ஓயாத மழை உண்டு. தாய்க்கு நரம்புக் கோளாறு என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு டாக்டர் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாரானால், கடைசி அத்தியாயத்தில் மகள் கால்வாயில் விழப்போகிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆசிரியர் கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாடி பிடித்துக்கொண்டே இருப்பார். மருந்து மட்டும் கொடுக்க மாட்டார். எனக்கு இவை பிடித்திருந்தன. பொய் சொல்லாத எழுத்து என்று நினைத்தேன்.

இனி பயணத்தின் காரணம். ரத்தினத்தின் ஒரே மகன் சாமு கொழும்பில் ஓவர்சியர், என்னோடுதான் தங்கியிருக்கிறான். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, லில்லிபாய் என்று பெயர், இரண்டு வருஷம் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அவளைத்தான் கட்டுவேன் என்று இவன் நின்றான். பெண்ணும் எங்களைப்போல் புரொட்டஸ்டாண்டு வேதக்காரர் வீட்டுப் பெண்தான். ரத்தினம் தானிருக்கும் யாழ்ப்பாணத்துக்கு என்னை வரவழைத்து உத்தரவு போட்டாள்.

"அண்ணா, சீதனம் கிடக்கட்டும். பெட்டையின்ரை தாய்வழியிலை மூளைப்பிசகு, கயரோகம் ஏதும் இருக்கோ எண்டு வடிவாக் கேட்டுக்கொண்டு வாங்கோ. ஒண்டெண்டாலும் இருந்தா எனக்கு அந்தப் பெட்டை வேண்டாம்."

வேதக்காரரான நாங்கள் சாதகம் பார்ப்பதில்லை. அதை அஞ்ஞானம் என்று தள்ளிவிட்டோம். ஆனால் பெண்ணெடுக்கும் வீட்டில் மூன்று தலைமுறைக்கு யார் யாருக்கு என்ன நோய் என்று துருவித் துருவிக் கேட்போம். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் இல்லை. சாமு அதை அறிவான். என்னை வழியனுப்ப வந்தவன், "போய்ப் பாருங்கோ மாமா" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் நுழைந்ததும் காற்று என் கையிலிருந்த பத்திரிகையைப் பறித்துக்கொண்டு போயிற்று. நான் எழுந்து கூச்சல் போட்டேன். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோவாளையில் வண்டி நின்று பூக்கூடைகளை ஏற்றினார்கள். பிச்சியும் அரளியுமாக ஒரு பெரிய கூடையை என் மடிக்கு எதிரே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, கொறச்சு ஒதுங்கி இரிங்க, பூவு கசங்கப்பிடாது" என்றார் கண்டக்டர். ஆள் கசங்கலாமா என்று கேட்டேன். "ஆளு நாளைக்கும் இரிக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஒதுங்கித்தான் உட்கார்ந்தேன்.

முன் ஆசனத்தில் இருவர், இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருக்க வேண்டுமா தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா என்று வாதாடிக்கொண்டு வந்தார்கள். என்னையும் அபிப்பிராயம் கேட்டார்கள். நான் இலங்கை என்றேன். "அப்ப ஒங்களுக்கு ஒரு கவலயும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள். எங்களுக்கு என்னென்ன கவலை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வலியச் சொல்லவில்லை.

நாகர்கோவில் விடுதியில் பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டு, "சாருக்கு ஊரு கொல்லமா?" என்றார். யாழ்ப்பாணத்தான் எங்கே போனாலும் அவனை மலையாளி ஆக்கிவிடுகிறார்கள். இலங்கை என்றதும் முகம் மலர்ந்து, "சிலோணா? எனக்க மச்சினன் அங்க தேயிலத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையாட்டு இரிக்கான்" என்று சொல்லி இன்னொரு கரண்டி தீயல் ஊற்றினார். தேங்காயைக் கருக வறுத்து அரைத்த புளிக்குழம்பு அது. எங்கள் ஊரில் தேங்காயைப் பாலாகப் பிழிந்து கறியில் விட்டால்தான் கை ஓயும். இவர்கள் அதை வறுத்து, நிறமே மாறும்வரை விடுவதில்லை. மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்கிறார்கள், சாளை மீன் குழம்போடு தின்கிறார்கள். நான் இரண்டு தட்டுத் தின்றேன். மட்டிப்பழம் என்று விரல் நீளத்தில் ஒரு வாழைப்பழம் தந்தார்கள். கொழும்பில் இப்படியொரு பழம் கிடைக்காது என்று மனதார ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை இராஜாக்கமங்கலம் போகும் பஸ்ஸில் ஏறி, பெண்ணின் ஊரில் இறங்கினேன். ஊரின் பெயர் இங்கே வேண்டாம்.

விசாரிக்கப் போகிறவனுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வந்த காரியத்தைச் சொல்லக் கூடாது. நாலு பேர் கூடும் இடத்தில் உட்கார்ந்து, வேறு எதையோ கேட்பதுபோல் கேட்க வேண்டும். நான் சாயாக்கடை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் பொன்னையா தலைப்பாகையும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக இருந்தார், இந்தப் பக்கத்து அய்யாவழி மார்க்கத்துக்காரர். இந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஏதாவது விலைக்கு உண்டா என்று ஆரம்பித்தேன்.

அவர் என் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "விசாரிக்கத்தான வந்திருக்கிய? கூச்சப்படாண்டாம் அண்ணாச்சி. எல்லாரும் இந்த பெஞ்சுலதான் வந்து இரிப்பாவ. பெண்ணு எந்த வீடு?"

வழியிலே யோசித்துத் தைத்து வைத்திருந்த பொய்யை மடித்து வைத்துவிட்டு, லில்லிபாயின் பெயரைச் சொன்னேன்.

"நல்ல குடும்பம்" என்றார். "பெண்ணு தங்கம். தாயி ஞானபாய் மரியாதக்காரி. தகப்பன் செத்தபெறவும் கடன் கப்பி இல்லாம மானமாட்டுப் பொழைக்காவ." அப்புறம் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கனவே துடைத்த தம்ளர். நான் காத்திருந்தேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். "எதுக்கும் வேற யாரையாம் கேட்டுப் பாருங்க" என்று முடித்தார்.

இப்படித்தான் இங்கே ஒரு கல்யாணத்தை முடக்குகிறார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வெளியே வருவதில்லை. சொன்னவர்மேல் பாவமும் இல்லை. எங்கள் ஊரில் இதே இடத்தில் தொண்டையைக் கனைப்போம்.

எதிரே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த மரியாதை எல்லாம் பொறுக்கவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு இங்கே வந்தார். "அவரு சொல்லமாட்டாரு, நான் சொல்லுதேன் சார். தாயிக்க தம்பி பாக்கியதாசு, கிறுக்கன். எளந்தாரியிலே தொடங்கினது. தாயிக்க தங்கச்சி ஒருத்தி இருந்தா, செல்லபாய்ண்ணு. அவ குளத்துல சாடிச் செத்தா. இனி இந்தப் பெண்ணு எப்படியோ, யாரு கண்டா? ரெத்தத்துல உள்ளதுல்லா. அந்த வீட்டுக்க எழுத்து அது."

ஒல்லாந்தில் எழுத்தாளர்கள் தலையெழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ரத்தத்தைக் கொண்டுவந்து வைக்க ஒரு தலைமுறைக் காலம் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். தையல்காரர் இரண்டையும் ஒரே ஊசியில் கோத்துவிட்டார். இதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். காரியமும் முடிந்தது. மூளைப்பிசகு ஒன்று, தற்கொலை ஒன்று. ரத்தினத்துக்கு இதில் பாதியே போதும்.

திரும்பும் பஸ்ஸுக்காக ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றேன். பஸ் வரவில்லை. பெட்டியில் கிடந்த நாவல்களில் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. நீர்மதகு காவல்காரன் மகள் ஒருத்தி, தாய் காரணமில்லாமல் அழுகிறவள், மாமன் பேச்சற்றவன். அவள் சிரிக்கும்போதெல்லாம் ஆசிரியர் அவளுடைய தாயை நமக்கு ஞாபகப்படுத்துவார். கடைசியில் அவள் போய்ச் சேர்ந்த இடம் கால்வாய். இங்கே குளம், அவ்வளவுதான் வித்தியாசம். சாமுவுக்காக வருத்தப்பட்டேன். ஆனால் படித்தது அப்படியே கண் முன்னால் பலிக்கிறதே என்று உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது வெள்ளைச் சேலையும் குடையுமாக ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். "சிலோண்லேர்ந்து வந்த சார்தான? நான் லில்லிபாய்."

 எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மத்தியானமே நான் வேலபாக்குத பள்ளிக்கூடத்துல வந்து சொல்லியாச்சு, பொன்னையா கடையில ஒரு ஆளு இரிக்காருண்ணு. இனி பஸ்ஸு வராது சார். அச்சு முறிஞ்சு வழியில கெடக்கு. தேங்கா மட்ட ஏத்தின வண்டி ஒண்ணு நாகருகோயிலுக்குப் போவுது, சொல்லி ஏத்தி விடுதேன். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

விசாரிக்க வந்தவன் வீட்டுக்கு வருகிற வழக்கம் இல்லையே என்று மென்று விழுங்கினேன்.

"இல்லதான். பெஞ்சுல இருந்து கேட்டுட்டுப் போறதுதான் வழக்கம். நீங்க கேட்டாச்சு. நாளைக்கு வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்ணு சொல்லுங்க, நான் கோவப்படமாட்டேன்."

சாமு ஏன் இவளுக்காக நிற்கிறான் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. தண்ணீரில் ஊறி நாறும் மட்டைகளின்மேல் உட்கார்ந்து மாட்டுவண்டியில் நாகர்கோவில் வந்து சேர்ந்தேன். விடுதிக்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தி, கிணற்றடியைக் காட்டினார்.

மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். ஓடு போட்ட சின்ன வீடு. முற்றத்தில் நரைத்த தாடியோடு ஒருவர் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு நேரே வந்தார். "மழ வருமா?" என்றார்.

நான் விழித்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஞானபாய் அம்மாள் வந்தார். "எனக்க தம்பி. எல்லாருட்டயும் கேப்பான். வரும்ணாலும் சரி, வராதுண்ணாலும் சரி. பதில் சொல்லணும், அவ்வளவுதான்."

வரும் என்றேன். பாக்கியதாஸ் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். பாக்கியதாஸ் எனக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு தடவை எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. சற்றுக் கழித்து லில்லிபாய் இடது கையால் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார். எப்போதும் இப்படி அமைதியாக இருப்பாரா என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார் ஞானபாய் அம்மாள். சில மாதங்களில் கத்துவார், துணியைக் கிழிப்பார், பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து பிடித்துக்கொள்வார்கள், நாலைந்து நாளில் அடங்கும். வேதக்கோயிலில் எல்லோரும் பாடி முடித்த பிறகு இவர் ஒருவர் பாடிக்கொண்டிருப்பாராம். பாதிரி ஐயர் அதுவரை பிரசங்கத்தைத் தொடங்காமல் நிற்பாராம்.

"குளத்துல போன தங்கச்சியப் பத்தியும் சொன்னாவளா?" என்று அவரே கேட்டார்.

சொன்னார்கள் என்றேன்.

"என்ன சொன்னாவ?"

நான் தயங்கினேன். லில்லிபாய் சொன்னாள்: "ரெத்தம்ணு சொல்லியிருப்பாவ."

ஞானபாய் அம்மாள் இலையை மடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "எனக்குக் கல்யாணக் கெட்டு முடிஞ்ச பெறவுதான் தம்பிக்கு இது வந்தது. அதனால நான் தப்பிச்சேன். செல்லபாய் எளையவ. அவளுக்கு முதல்ல கருங்கல் ஊருலேர்ந்து ஒரு எடம் வந்துது. நாளும் குறிச்சாச்சு. கடசியில ஒரு ஆளு வந்து பெஞ்சுல இருந்து சாயா குடிச்சிட்டுப் போனாரு. பெறவு அவிய வரல்ல. காரணமும் சொல்லல்ல. ரெண்டாமதும் அப்படித்தான். மூணாமது வந்த ஆள இவ ஜன்னல் வழியாப் பாத்தா. நல்ல இஸ்திரி போட்ட சட்ட. அவரு எழும்பிப் போறதயும் பாத்தா. அதுக்குப் பெறவு அவ வெளிய எறங்கல்ல. ஒரு நாளு காலையில கொடத்த எடுத்துட்டு வெள்ளங் கோரப் போறேண்ணு போனா."

மடித்த இலையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "அவ போனபெறவு ஊருல சொன்னாவ, பாத்தியா, தம்பிக்கு உள்ளது இவளுக்கும் இருந்திருக்குண்ணு. அவளுக்கு ஒரு சீக்கும் இல்ல சார். அவ நல்ல சொகமாட்டு இருந்தா" என்றார்.

என் சட்டையும் இஸ்திரி போட்டதுதான். அந்த வீட்டில் அப்போது எனக்கு உண்டான வெட்கத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. செல்லபாயை ரத்தம் கொல்லவில்லை. ரத்தத்தை விசாரிக்க வந்தவர்கள் கொன்றார்கள். அவள் செத்ததும் அந்தச் சாவையே ரத்தத்துக்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். அந்தச் சாட்சியை நேற்று நானும் ஒரு சாயாவோடு வாங்கிக் குடித்தேன். ஒல்லாந்து நாவல்களில் நரம்பு உண்டு, மழை உண்டு, டாக்டர் உண்டு. பெண்ணை வந்து பார்த்துவிட்டுக் காரணம் சொல்லாமல் எழுந்து போகிறவனை எந்த அத்தியாயத்திலும் கண்ட ஞாபகம் எனக்கு இல்லை. அவன் அங்கேயும் இருந்திருப்பான். ஆசிரியர் அவனை எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

"சாமுவிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்" என்றாள் லில்லிபாய். "கொழும்புல இருக்கும்போதே மாமாவையும் சித்தியையும் சொல்லிட்டேன். அவரு ஒங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. சொன்னால் என்னை அனுப்பாமலே காரியம் முடிந்துவிடும் என்று பயந்திருக்கிறான்.

"பின்ன, ஒங்க பக்கம் எப்படி சார்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. "கடல் தாண்டி வந்து ஒங்க ஊரு சாயாக்கடையில இருந்து கேக்க எங்களுக்கு ஆம்பிள இல்ல. அதனால நீங்களே சொல்லணும்."

நல்ல குடும்பம் என்று சொல்ல வாயெடுத்தேன். தகப்பனாரான எங்கள் ஐயா மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர் என்ற வார்த்தையும் பின்னாலேயே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாற்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை. பக்கத்தில் பாக்கியதாஸ் மட்டிப்பழத்தின் தோலை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார். உரித்த பழத்தை என் கையில் வைத்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஐயா மலாயாவுக்குப் போகவே இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் ஒரு மாரி காலத்தில் பேச்சை நிறுத்தினார். பிறகு கத்தத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அப்போது வீட்டுக்கு ஓர் ஆள் மலாயாவில் இருந்தான். ஆள் கண்ணில் படாவிட்டால் மலாயா என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். அம்மா அப்படியே சொன்னாள். ஐயா இருந்தது மலாயாவில் அல்ல, எங்கள் வீட்டின் பின்னறையில். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்தால் அந்தப் பக்கம் போகாதே என்பார்கள். கடைசியில், ஐயா மலாயாவிலிருந்து காய்ச்சலோடு திரும்பி வந்து காலமானார் என்று ஊருக்குச் சொல்லிச் சவப்பெட்டி தூக்கினோம். ரத்தினத்தைப் பெண் கேட்டு வந்தவர்களும் எங்கள் ஊரில் விசாரித்தார்கள். தகப்பன் மலாயாவில் இருந்தவர் என்றார்கள். கல்யாணம் நடந்தது, சாமு பிறந்தான். தாத்தா மலாயாவில் இருந்தவர் என்றுதான் அவனும் இன்றுவரை நினைத்திருக்கிறான்.

சொல்லி முடித்தேன். ஞானபாய் அம்மாள், "ஐயோ பாவம், இருட்டுலயா?" என்றார். அது ஒன்றைத்தான் கேட்டார். ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

லில்லிபாய் என் பக்கம் திரும்பினாள். "எனக்க மாமன நான் சொல்லிட்டேன்" என்றாள். "சாமுவுக்க தாத்தாவ அவரு சொல்லட்டும். நீங்க போயி அவருட்ட எல்லாம் சொல்லுங்க. அறிஞ்ச பெறவும் அவரே வந்து எனக்க மொகத்தப் பாத்துச் சொன்னாருண்ணா நான் சம்மதிப்பேன். மறைச்சு வைக்கப்பட்ட வீட்டுக்கு நான் வரமாட்டேன், சார். நாளைக்கு எனக்கோ எனக்க பிள்ளைக்கோ ஒண்ணு வந்தா, நான் மலாயாவுக்குப் போவமாட்டேன்."

விசாரிக்கப் போனவன் விசாரிக்கப்பட்டுத் திரும்பினேன். பயணம் முழுவதும் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வழியில் என்ன சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகமில்லை. கொழும்பில் சாமுவையும் கூட்டிக்கொண்டு நேரே யாழ்ப்பாணம் போனேன். வழியில் அவன் கேட்டதற்கெல்லாம், அம்மாவும் இருக்கும்போது சொல்கிறேன் என்றே சொல்லிவந்தேன்.

ரத்தினம் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். சாமு கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். "என்ன அண்ணா, பெட்டையின்ரை பக்கம் ஏதும் இருக்கோ?" என்றாள்.

"இருக்கு. மாமன் ஒருவர் சித்தம் கலங்கினவர். நான் அவரோடை பாயிலை இருந்து சாப்பிட்டன்."

"அப்ப வேண்டாம்" என்றாள், அகப்பையைக் கீழே வைக்காமல்.

"அவையளும் எங்கடை பக்கம் விசாரிச்சவை. நான் ஐயாவைச் சொல்லிப்போட்டன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பைத் தணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பின்னறை இப்போது விறகு போடும் இடம். குசினியிலிருந்து அதன் கதவு தெரியும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அறைப் பூட்டின்ரை திறப்பு என்ரை மடியிலைதான் இருந்தது அண்ணா" என்றாள். "எனக்கு ஒம்பது வயசு. நான் சோறு கொண்டு போனா மட்டுந்தான் ஐயா சாப்பிடுவர். அதாலை அம்மா திறப்பை என்னட்டைத் தந்தவ. சாப்பிட்டு முடிச்சு, பிள்ளை, கொஞ்ச நேரம் வெளியிலை முத்தத்திலை இருக்கட்டோ எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பர். நான் மாட்டன் எண்டு பூட்டிப்போடுவன். சனம் கண்டா எனக்குக் கலியாணம் நடக்காது எண்டு அம்மா சொன்னவ."

இதை அவள் என்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை. புருஷனிடமும் சொல்லியிருக்க மாட்டாள். என் கண் நிறைந்துவிட்டது. அவள் அழவில்லை.

சற்றுக் கழித்து, "அந்தப் பெட்டையின்ரை மாமன் எங்கை இருந்து சாப்பிட்டவர் எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"எல்லாரோடையும். ஒரே பாயிலை."

"கதவு?"

"கதவு ஒண்டும் இல்லை."

ரத்தினம் எழுந்து குசினி வாசலுக்குப் போனாள். "சாமு, இங்கை வா அப்பன்" என்று கூப்பிட்டாள். "நீ உன்ரை தாத்தாவைப் பற்றி அந்தப் பெட்டைக்குச் சொல்லவேணும். முதலிலை நான் உனக்குச் சொல்லுறன்."

அவன் ஈர முகத்தோடு வந்து படியில் உட்கார்ந்தான். அவள் அவனுக்குப் பக்கத்தில், முற்றத்தைப் பார்த்தபடி, அயல் வீட்டுக்குக் கேட்கும் குரலிலேயே சொல்லத் தொடங்கினாள்.